இரும்பு மாடுகள் – 11: வென்றவர் பூசிக்கொண்ட சிவப்பு

1985-ஆம் ஆண்டு அமெரிக்க டிராக்டர் உலகத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. அதற்கு முந்தைய நவம்பரில், கடன் தாங்காமல் தள்ளாடிக்கொண்டிருந்த சிகாகோவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், தன் விவசாய இயந்திரப் பிரிவை டென்னகோ என்ற குழுமத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது. டென்னகோவின் முக்கியத் தொழில் எரிவாயு. ஆனால் அதன் கையில் ஏற்கெனவே கேஸ் என்ற டிராக்டர் கம்பெனியும் இருந்தது. ஜெரோம் கேஸ் என்பவர் 1842-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் கதிரடிக்கும் இயந்திரம் செய்யத் தொடங்கிய பழைய கம்பெனி அது. இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். ஹார்வெஸ்டரின் பெரிய டிராக்டர் ஆலையை இழுத்து மூடினார்கள். இனிமேல் பெரிய டிராக்டர் எல்லாம் கேஸின் ரசீன் நகரத்து ஆலையிலிருந்து, கேஸ் இன்ஜினியர்கள் வடிவமைத்தபடிதான் வரும் என்று ஆயிற்று. ஆனால் ஆலைக்கு வெளியே வந்த வண்டியில் கேஸின் வழக்கமான வெள்ளையைக் காணோம். சிவப்பு அடித்திருந்தார்கள். விலைபோன ஹார்வெஸ்டரின் சிவப்பு.

வீட்டை வாங்கியவர் விற்றவரின் பெயர்ப்பலகையை வாசலில் மாட்டிக்கொண்டு குடியேறுவாரா? டென்னகோ அதைத்தான் செய்தது. ஹார்வெஸ்டரின் ஆலை அதற்கு வேண்டியிருக்கவில்லை, டிராக்டர் மாடல்களும் பெரும்பாலும் வேண்டியிருக்கவில்லை. உருப்படியாகக் கைக்கு வந்த இயந்திரம் என்றால் ஆக்சியல் ஃப்ளோ என்ற அறுவடை இயந்திரம்தான். மற்றபடி அது காசு கொடுத்து வாங்கியது, சிவப்பு வண்டியைத் தவிர வேறு எதையும் கொட்டகையில் ஏற்றமாட்டேன் என்றிருந்த விவசாயக் குடும்பங்களையும், அவர்களுக்கு மூன்று தலைமுறையாக உதிரி பாகம் கொடுத்துவந்த டீலர் கடைகளையும். அந்தக் குடும்பங்களின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது, யார் யாருடைய கைக்குப் போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா பக்கத்து விவசாயிகள் டிராக்டரைப் பெயர் சொல்லிப் பேசுவது குறைவு. நிறம் சொன்னால் போதும். பச்சை என்றால் ஜான் டீர். சிவப்பு என்றால் ஹார்வெஸ்டரும் அதன் ஃபார்மால் டிராக்டரும். ஆரஞ்சு என்றால் அலிஸ்-சால்மர்ஸ். நீலம் என்றால் ஃபோர்டு. பச்சை வீட்டுப் பெண் சிவப்பு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டால் அதைக் கலப்புத் திருமணம் என்று கேலி செய்வது அங்கே பழைய வழக்கம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் மொலீன், ராக் ஐலண்ட் என்று ஒட்டிப் பிறந்த இரண்டு ஊர்கள் இருக்கின்றன. மொலீன் ஜான் டீரின் தலைமையகம். ராக் ஐலண்டில் ஹார்வெஸ்டரின் ஃபார்மால் ஆலை. ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஆலைச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தப் பற்று பிள்ளைப் பருவத்திலேயே கைக்கு வந்துவிடும். அதுவும் பொம்மையாக. அயோவாக்காரர் ஃப்ரெட் எர்ட்டல், 1945-ல் தன் வீட்டு நிலவறையில் இருந்த அடுப்பில் பழைய அலுமினிய பிஸ்டன்களை உருக்கி வார்த்துப் பொம்மை டிராக்டர் செய்ய ஆரம்பித்தார். கம்பெனிகளின் அனுமதியோடு, அசல் வண்டியில் பதினாறில் ஒரு பங்கு அளவில், அசல் நிறத்திலேயே அவை வந்தன. விற்றது பொம்மைக் கடையில் மட்டும் இல்லை, டிராக்டர் டீலரின் கவுன்டரிலும்தான். அப்பா பேரிங் வாங்க வந்தால் பையன் பொம்மையோடு திரும்புவான். பையன் வளர்ந்து சொந்தமாக வண்டி வாங்கும்போது எந்தக் கடைக்குப் போவான் என்று டீலர் கவலைப்பட வேண்டியதில்லை.

டீலர் கடை என்று சொன்னேன். இந்தக் கதைக்கு நிஜமான நாயகன் அந்தக் கடைதான் என்பது என் கட்சி. காரணம் சொல்ல 1902-க்குப் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் கோதுமை அறுக்கும் இயந்திரங்களுக்கு இரண்டு பெரிய பெயர்கள்: மெக்கார்மிக், டீரிங். (இந்த டீரிங் வேறு, ஜான் டீர் வேறு. இதில் குழம்பாத ஆளே கிடையாது.) சைரஸ் மெக்கார்மிக் 1831-ல் வர்ஜீனியாவில் தன் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக்காட்டியவர். அவர் வழியினருக்கும் டீரிங் குடும்பத்துக்கும் வயல் வயலாகச் சண்டை. ஒரே வயலில் இரண்டு இயந்திரத்தையும் போட்டிக்கு இறக்கி வேடிக்கை காட்டுவார்கள். இந்தச் சண்டையில் இரண்டு பேருக்குமே லாபம் கரைந்தது. கடைசியில் ஜே.பி. மார்கன் வங்கி நடுவில் புகுந்து, இவர்களையும் இன்னும் மூன்று சிறிய கம்பெனிகளையும் சேர்த்து இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்று ஒன்றாக்கியது.

முதலாளிகள் ஒன்றானார்கள், கடைகள் ஒன்றாகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் மெக்கார்மிக் கடை தனி, டீரிங் கடை தனி. நேற்றுவரை மெக்கார்மிக்கே உயர்த்தி என்று பேசிய கடைக்காரர் இன்றைக்கு எதிர்க்கடைச் சரக்கை எடுத்து எப்படி விற்பார்? வாங்க வருகிறவர்தான் சும்மா விடுவாரா? ஆகவே கம்பெனி டிராக்டர் செய்யத் தொடங்கியபோது அதையும் இரண்டு பெயரில் செய்தது. மெக்கார்மிக் கடைகளுக்கு மொகல் டிராக்டர். டீரிங் கடைகளுக்கு டைட்டன் டிராக்டர். முதலாளி ஒருவரே, கல்லாவும் ஒன்றே, ஆனால் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் வேறு வண்டி. ஏகபோக வழக்குத் தொடர்ந்த அமெரிக்க அரசு 1918-ல் ஒரு ஊருக்கு ஒரு டீலர்தான் இருக்கலாம் என்று கட்டுப்படுத்திய பிறகே இந்த இரட்டை வேஷம் முடிவுக்கு வந்தது. அதன் பின்தான் மெக்கார்மிக்-டீரிங் என்று இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே வண்டியில் எழுதினார்கள்.

பெயரை நம்பி வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் அதே காலத்தில் ஒரு சாட்சி உண்டு. மினியாபொலிஸ் நகரத்தில் சிலர் சேர்ந்து ஃபோர்டு டிராக்டர் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபோர்டு என்ற குடும்பப் பெயருள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை வண்டியில் எழுதிவிட்டார்கள். கார் ஓட்டிப் பழகிய பெயராயிற்றே என்று நம்பி வாங்கியவர்களில் நெப்ராஸ்கா விவசாயி வில்மட் க்ரோஷியரும் ஒருவர். வண்டி வேலைக்கு ஆகவில்லை. அடுத்து வாங்கிய வேறு கம்பெனி வண்டியும் அப்படியே. மூன்றாவதாக வாங்கிய ரம்லி ஆயில்புல் ஒழுங்காக உழைத்தது. ஏமாந்த மற்ற விவசாயிகளுக்கு இல்லாத ஒரு வசதி க்ரோஷியருக்கு இருந்தது. அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

1919-ல் நெப்ராஸ்கா ஒரு சட்டம் போட்டது. மாநிலத்தில் விற்க வேண்டுமானால் டிராக்டரை லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன குதிரைத்திறன் நிஜமாகவே இருக்கிறதா என்று அங்கே அளப்பார்கள். இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விதி: மாநிலத்துக்குள் போதுமான உதிரி பாகம் இருப்பு வைக்கவேண்டும். க்ரோஷியர் பட்டுத் தெரிந்துகொண்டவர். வண்டி நன்றாக ஓடுமா என்பது பாதிக் கேள்விதான். நின்றுபோனால் யார் வருவார் என்பது மீதிப் பாதி. 1920-ல் அந்தச் சோதனைக்கூடம் நடத்திய முதல் சோதனைக்கு நின்ற வண்டி வாட்டர்லூ பாய். கலப்பை செய்துகொண்டிருந்த ஜான் டீர் கம்பெனி, டிராக்டர் தொழிலுக்குள் நுழைவதற்காக 1918-ல் விலைக்கு வாங்கிய கம்பெனியின் வண்டி அது.

நிஜமான ஹென்றி ஃபோர்டும் அப்போது களத்தில்தான் இருந்தார். 1917-ல் தொடங்கிய அவருடைய ஃபோர்ட்சன் டிராக்டர் சிறியது, மலிவானது. 1922-ல் விலையை 625 டாலரிலிருந்து ஒரே வெட்டாக 395 டாலருக்கு இறக்கினார். ஹார்வெஸ்டரும் விலையைக் குறைத்து, கூடவே ஒரு கலப்பையை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது. பல சிறிய கம்பெனிகள் அந்த விலைப்போரில் அழிந்தன. அடுத்த வருடம் ஃபோர்டு லட்சத்துக்கு மேல் டிராக்டர் செய்தார். சந்தையின் பெரும்பங்கு அவரிடம். ஆனால் 1928-ல் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் உற்பத்தியே நின்றுவிட்டது. அத்தனை வண்டி விற்றவருக்கு அந்த வண்டிக்காக வாதாட ஒரு ஊர் கிடைக்கவில்லை. ஃபோர்ட்சனை விற்றவர்கள் கார் டீலர்கள். அவர்களுக்குக் கார் தெரியும், கடன் பத்திரம் தெரியும். கொழு எந்த ஆழத்தில் இறங்க வேண்டும், ஈர மண்ணில் சக்கரம் ஏன் சுற்றுகிறது என்று கேட்டால் கையை விரிப்பார்கள். விலைக்காக வந்தவர்கள், வேலைக்கு ஏற்ற வண்டி வந்ததும் போய்விட்டார்கள்.

வேலைக்கு ஏற்ற அந்த வண்டி ஹார்வெஸ்டரின் ஃபார்மால். 1924-ல் வந்தது. அதுவரை டிராக்டர் என்றால் உழவுக்கு மட்டும். மக்காச்சோளம், பருத்தி வரிசைகளுக்கு நடுவே களை எடுக்கக் குதிரைதான் போக வேண்டும். ஃபார்மாலின் முன்சக்கரங்களை நெருக்கி ஒன்றாக வைத்து, வண்டியின் உடலைப் பயிருக்கு மேலே உயர்த்திவிட்டார்கள். வரிசைக்கு நடுவே புகுந்து போகும். அதோடு குதிரை லாயத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. குதிரை தின்ற ஓட்ஸ் விளைந்த நிலம் விற்பனைப் பயிருக்குத் திரும்பியது. ஆரம்பத்தில் ஃபார்மால் சாம்பல் நிறம்தான். 1936-ல்தான் சிவப்பு வந்தது. தாத்தா காலத்திலிருந்து எங்கள் ரத்தமே சிவப்பு என்று மார் தட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஜான் டீர் பக்கம் நின்றவை 1923-லேயே வந்துவிட்ட டி மாடலும் அதன் பின் வந்த ஏ, பி மாடல்களும். எல்லாமே இரண்டு சிலிண்டர். மற்றவர்கள் நான்கு சிலிண்டருக்குப் போன பிறகும் டீர் அசையவில்லை. இரண்டு சிலிண்டர் என்றால் பாகங்கள் குறைவு. வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து மாட்டலாம். மட்ட ரக எண்ணெயிலும் ஓடும். பக்கவாட்டில் இருக்கும் ஃப்ளைவீலைக் கையால் பிடித்துச் சுற்றிக் கிளப்ப வேண்டும். ஓடும்போது டப்... டப்... என்று இடைவெளி விட்டு வரும் சத்தத்தை மைல் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். டி மாடல் 1953 வரை, முப்பது வருடம், தொடர்ந்து உற்பத்தியில் இருந்தது.

பற்று என்று நாம் சொல்வதில் பாதி, கட்டிப்போட்ட கயிறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு கம்பெனியின் களைக் கருவியை இன்னொரு கம்பெனி டிராக்டரில் மாட்ட முடியாது. துளைகள் வேறு, தண்டுகள் வேறு. 1950-களில்கூட ஹார்வெஸ்டர் ஃபாஸ்ட் ஹிட்ச் என்று தனக்கென ஓர் இணைப்பு முறையை வைத்துக்கொண்டிருந்தது. உலகமெல்லாம் மூன்று முனை இணைப்புக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. சிவப்பு டிராக்டருக்கு என்று ஒருவர் கொட்டகை நிறையக் கருவி வாங்கி வைத்துவிட்டால், அடுத்த டிராக்டரும் சிவப்புதான். மனசு மாறினாலும் கருவி விடாது.

மீதிப் பாதி கயிறு இல்லை. 1930-களின் பெருமந்தத்தில் மக்காச்சோளத்துக்கு விலையே இல்லாமல் போனபோது, கடனுக்கு வண்டி வாங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் நின்றார்கள். 1933-ல் ஜான் டீரின் மொத்த விற்பனையே 87 லட்சம் டாலராகச் சரிந்திருந்தது. நட்டத்தில் ஓடிய அந்தக் கம்பெனி, விவசாயிகளின் வண்டியைப் பறிமுதல் செய்யாமல் கடனைச் சுமந்துகொண்டு பொறுத்திருந்தது. கம்பெனி தன் வரலாற்றில் இதை இன்றும் பெருமையாக எழுதிவைத்திருக்கிறது. தன்னைப் பற்றித் தானே எழுதிய வரலாறு என்ற எச்சரிக்கையோடு படித்தாலும், கணக்குப்படியும் அது சரியான முடிவுதான். பறிமுதல் செய்த வண்டியை வாங்க அந்த நாளில் ஆள் ஏது? ஆனால் வண்டியைப் பறிகொடுக்காத வீட்டில் யாரும் இப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

இனி 1958. சிவப்புக்கும் பச்சைக்கும் நடந்த நீண்ட போட்டி திசைமாறிய இடம்.

அந்த வருடம் ஹார்வெஸ்டர்தான் பெரியது. குதிரைத்திறன் போட்டி சூடு பிடித்திருந்தது. அறுபதுக்கு மேல் குதிரைத்திறனோடு, ஆறு சிலிண்டர் இன்ஜினோடு ஃபார்மால் 560 என்ற புது மாடலைக் கம்பெனி இறக்கியது. முன்பக்கம் புதிது. பின்பக்கம், சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் கடைசிக் கியர்த் தொகுதி, 1939-ல் எம் மாடலுக்காகச் செய்த பழைய அமைப்பிலிருந்து அதிகம் மாறவில்லை. எம் மாடலின் திறன் சுமார் 35 குதிரைத்திறன். ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரத்தை அதே கியர் இழுக்க வேண்டியிருந்தது. கனமான மண்ணில், பெரிய கலப்பையோடு, நாள் முழுக்க ஓட்டியவர்களின் வண்டியில் பின்பக்கத்துப் பேரிங்குகளும் பற்களும் உடைய ஆரம்பித்தன. 1959-ல் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுக்க வேண்டியதாயிற்று. கம்பெனி செலவில்தான் செய்தார்கள், ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனாலும் நடவு நேரத்தில் நின்றுபோன வண்டிக்கு, பிறகு எத்தனை புது பேரிங் போட்டாலும், அந்த வருடத்து விதைப்பு நாள் திரும்பாது. பச்சைக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 560-க்குப் பதிலாக எங்கள் வண்டியை எடுத்துக்கொள் என்று வாசலுக்கே போனார்கள்.

போனார்களே தவிர, அவர்களிடமும் அப்போது புது வண்டி இல்லை. அதே இரண்டு சிலிண்டர்தான். ஆனால் மொலீனில் சிலருக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரியும். 1953-லிருந்தே வாட்டர்லூ நகரத்தில், முன்பு மளிகைக் கடையாக இருந்த ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, ஒரு குழுவை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுக்கு இட்ட வேலை: இரண்டு சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் சரக்கை, வாங்கியவர்கள் சத்தத்தைக் கேட்டே நேசித்த சரக்கை, தானே கொல்ல முடிவெடுப்பது சாதாரணத் துணிச்சல் இல்லை. ஏழு வருடம் அந்த ரகசியம் காப்பாற்றப்பட்டது. புது வண்டிக்கு வடிவம் கொடுத்தவர் தொலைபேசிகளுக்கு வடிவம் கொடுத்த ஹென்றி ட்ரைஃபஸ். இருக்கைக்கு ஆலோசனை சொன்னவர் ஜேனட் ட்ராவல் என்ற டாக்டர். பின்னாளில் முதுகு வலிக்காரரான ஜனாதிபதி கென்னடிக்கு மருத்துவராகப் போனவர். விவசாயியின் முதுகுக்கு அதற்கு முன்பே யோசித்தவர்.

1960 ஆகஸ்ட் 30. நாடு முழுக்க இருந்த டீலர்கள், கம்பெனிக்காரர்கள் என்று சுமார் 6,000 பேரை விமானங்களில் ஏற்றி டெக்சாஸின் டாலஸ் நகரத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அங்கே நெய்மன் மார்க்கஸ் என்ற பணக்காரர்களின் துணிக்கடையில், நகைப் பகுதிக்குப் பக்கத்தில், ராட்சதப் பரிசுப்பெட்டி ஒன்று நின்றது. பெட்டியைத் திறந்தால் உள்ளே டிராக்டர், அதன் மேல் வைர அலங்காரம். நான்கு சிலிண்டரும் ஆறு சிலிண்டருமாக அன்றைக்கு நான்கு புது மாடல்கள் வெளிவந்தன.

இந்தத் தடபுடலைக் கவனியுங்கள். அழைக்கப்பட்டவர் விவசாயி இல்லை, டீலர். ஊருக்குத் திரும்பியதும், முப்பது வருடமாக இரண்டு சிலிண்டரைப் போல உண்டா என்று சொன்ன அதே வாயால், ஆறு சிலிண்டர் ஏன் நல்லது என்று சொல்லப்போகிறவர் அவர். முதலில் மனம் மாற வேண்டியவர் அவர்தான் என்று கம்பெனிக்குப் புரிந்திருந்தது. இன்ஜின் மாறியது, சத்தம் மாறியது, கியர் மாறியது. பச்சை மாறவில்லை, கடை மாறவில்லை, கவுன்டரில் நின்ற ஆள் மாறவில்லை. அது போதுமானதாக இருந்தது. 1963-ல் ஜான் டீர் ஹார்வெஸ்டரை முந்தி முதலிடத்துக்கு வந்தது. அதன் பிறகு இறங்கவே இல்லை.

ஹார்வெஸ்டர் வீழ்ந்ததற்கு 560-ஐ மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். லாரி, புல்டோசர், ஒரு காலத்தில் ஃப்ரிட்ஜ் என்று கால் வைக்காத இடம் இல்லை. 1979 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் வேலைநிறுத்தம் ஐந்தரை மாதத்துக்கு மேல் நீடித்தது. அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 ஜனவரியில், சோவியத் நாட்டுக்குத் தானியம் அனுப்பக் கூடாதென்று ஜனாதிபதி கார்ட்டர் தடை போட்டார். அடுத்து வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. நிலத்தின் விலை விழுந்தது. கடன்பட்ட விவசாயி புது டிராக்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. 1982-ல் மட்டும் கம்பெனியின் நட்டம் 100 கோடி டாலருக்கு மேல். 1985 மே மாதம் ராக் ஐலண்ட் ஃபார்மால் ஆலையில் கடைசி வண்டி இறங்கியது.

இப்போது அந்தச் சிவப்பு பெயின்டுக்கு வருவோம். டென்னகோ எதை நினைத்து அதைத் தேர்ந்தெடுத்தது என்பது அதே வருடம் நடந்த இன்னொரு விற்பனையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆரஞ்சுக்காரர்களான அலிஸ்-சால்மர்ஸும் 1985-ல் விலைபோனார்கள். வாங்கியது ஜெர்மனியின் டாய்ட்ஸ். அந்த ஆரஞ்சுக்கு ஒரு கதை உண்டு: 1929-ல் டிராக்டர் பிரிவின் தலைவர் ஹாரி மெரிட் கலிபோர்னியாவில் பூத்துக்கிடந்த பாப்பி மலர்களைப் பார்த்து, இந்த நிறம் தூரத்திலிருந்தே தெரிகிறதே என்று தேர்ந்தெடுத்தாராம். டாய்ட்ஸ் அதை மதிக்கவில்லை. தன் ஜெர்மன் வழக்கப்படி வண்டிகளுக்குப் பச்சை அடித்து டாய்ட்ஸ்-அலிஸ் என்று விற்கப் பார்த்தது. அமெரிக்காவில், ஜான் டீரின் ஊரில், ஆரஞ்சு வீட்டுக்காரரிடம் போய்ப் பச்சை வண்டி! ஐந்தே வருடத்தில் டாய்ட்ஸ் கடையைக் கட்டியது. 1990-ல் அங்கிருந்த அமெரிக்க நிர்வாகிகளே அந்தத் தொழிலை வாங்கி ஆக்கோ என்று பெயரிட்டார்கள். அவர்கள் சீக்கிரமே செய்த காரியங்களில் ஒன்று, வண்டிக்கு மறுபடி ஆரஞ்சு அடித்தது.

கேஸும் ஹார்வெஸ்டரும் இணைந்து உருவான கேஸ் ஐஎச், சிவப்பை வைத்துக்கொண்டு பிழைத்தது. ஆனாலும் பெயின்ட் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. ஒரே ஊரில் இருந்த கேஸ் கடை, ஹார்வெஸ்டர் கடை இரண்டில் ஒன்று பல இடங்களில் மூடப்பட்டது. தங்கள் கடையை இழந்த சிவப்புக்காரர்களில் ஒரு பகுதி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பச்சைக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். பெயின்ட் அதே சிவப்புதான். பேரிங் வாங்க இருபது மைல் கூடுதலாகப் போக வேண்டும் என்றதும் சிவப்பு சற்று வெளுத்துவிட்டது.

நிறம் சொத்து என்றால் அதற்குப் பட்டா வேண்டுமே? ஜான் டீர் அதற்கும் நீதிமன்றம் ஏறியது. ஃபார்ம்ஹேண்ட் என்ற கம்பெனி, டிராக்டரின் முன்னால் மாட்டும் லோடர்களுக்குப் பச்சை அடித்து விற்றது. எங்கள் பச்சையைத் திருடுகிறார்கள் என்று டீர் வழக்குப் போட்டது. 1982-ல் அயோவா நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ருசியானது. விவசாயிகள் டிராக்டரும் லோடரும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். ஆகவே லோடருக்குப் பச்சை என்பது வெறும் அடையாளம் இல்லை, அது ஒரு பயன்பாடு. அதை ஒரே கம்பெனி பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. பச்சை மேல் ஜனங்கள் வைத்த பற்றே பச்சைக்காரனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மேல்முறையீட்டிலும் டீர் தோற்றது. முப்பத்தைந்து வருடம் கழித்து, 2017-ல், மருந்து தெளிப்பான் செய்யும் ஃபிம்கோ என்ற கம்பெனி மீது போட்ட வழக்கில் கென்டக்கியின் மத்திய நீதிமன்றம் டீர் பக்கம் நின்றது. 1960-களின் கடைசியிலேயே பச்சையும் மஞ்சளும் டீரின் அடையாளமாகப் பிரபலமாகிவிட்டன என்பது அந்த நீதிபதியின் முடிவு.

இன்று பச்சை வீடுகளுக்குள்ளேயே மனஸ்தாபம். வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு சென்சார் கோளாறு செய்தால் இன்ஜின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கோளாறைப் படித்து நீக்கும் முழு மென்பொருள் டீலரிடம் மட்டும். இரண்டு சிலிண்டர் வண்டியைக் கொட்டகையில் பிரித்து மாட்டியவரின் பேரன், மடிக்கணினியோடு வரப்போகும் மெக்கானிக்குக்காக அறுவடை வயலில் காத்திருக்கிறான். எந்தக் கடை இந்தப் பற்றை உண்டாக்கியதோ அதே கடையின் பேரில்தான் இப்போது கோபம். கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய இயந்திரங்களைச் சொந்தக்காரரே பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம், இல்லினாய், மினசோட்டா மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு ஜான் டீர் மீது வழக்குத் தொடர்ந்தது. இல்லினாய் என்றால் மொலீன் இருக்கும் மாநிலம்.

அமெரிக்கச் சிவப்பு நம் ஊருக்கும் வந்ததுதான். 1963-ல் மகிந்திரா இந்தியாவில் டிராக்டர் செய்யத் தொடங்கியது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கூட்டோடு. முதல் வண்டி ஹார்வெஸ்டரின் பி-275. ஹார்வெஸ்டர் போய்விட்டது. சிவப்பு மகிந்திராவிடம் தங்கிவிட்டது. எண்ணிக்கையில் இன்று உலகிலேயே அதிக டிராக்டர் விற்கும் கம்பெனி அது. பச்சை 1990-களின் கடைசியில் புனே பக்கம் வந்து இறங்கியது. தமிழ்நாட்டில் நாம் அதிகம் பார்த்துப் பழகிய இன்னொரு சிவப்பு, சென்னை செம்பியத்திலிருந்து டாஃபே செய்து அனுப்பிய மாஸி ஃபெர்குசன். அதன் வம்சம் வேறு, அதில் ஒரு கிளை அயர்லாந்திலிருந்து வருவது. மாஸி என்ற பெயரின் உலக உரிமை 1994-லிருந்து ஆக்கோவிடம் இருந்தது. மேலே ஆரஞ்சை மீட்டார்களே, அதே ஆக்கோ. 2024-ல் அது டாஃபேயோடு இருந்த ஒப்பந்தத்தை முறிக்கப் போக, பெயர் யாருடையது என்று வழக்கு முளைத்தது. 2025 ஜூலையில் சமரசமாயிற்று. இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்று நாட்டுக்கும் மாஸி ஃபெர்குசன் என்ற பெயர் டாஃபேக்கே சொந்தம். டாஃபேயில் ஆக்கோ வைத்திருந்த பங்குகளையும் டாஃபே 26 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அந்தப் பெயரின் பின்பாதிக்குச் சொந்தக்காரரான ஹாரி ஃபெர்குசன், ஹென்றி ஃபோர்டோடு காகிதம் எதுவும் இல்லாமல் கைகுலுக்கியே ஒப்பந்தம் போட்டு, பிறகு ஃபோர்டு கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)